டோக்கன் போடறதுக்கு முன்னாடி யார் யார் கையெழுத்துன்னு எண்ணுங்க

உங்க கேள்வி நீளமா இருந்தாலும் சாரம் இதுதான். பொன்னம்மாபேட்டை பக்கம் 1,200 சதுரடி மனையில ஒரு பழைய வீடு, அப்பா கட்டினது, அவர் காலமாகி இப்ப பையன் விக்கறார், 45 லட்சம் சொல்றாங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள 2 லட்சம் டோக்கன் அட்வான்ஸ் போடலைன்னா வேற பார்ட்டிக்கு போயிடும்னு புரோக்கர் நெருக்கறார், "ஏற்கனவே பேங்க் லோன் இருந்த வீடு சார், டாக்குமெண்ட் பக்கா கிளியர்"னு வேற சொல்றார், நீங்களும் உங்க வீட்டம்மாவும் வாங்கற முதல் வீடு இது, எங்க ஆரம்பிக்கறதுன்னு புரியல. கடைசி வரியில ஏற்காட்டுல சீப்பா வர்ற ஒரு மனையை பத்தியும் கேட்டிருக்கீங்க. நான் சேலத்துல வக்கீல், வருஷக்கணக்கா பேங்குகளுக்கு லீகல் ஒப்பீனியன் எழுதறது என் பொழப்பு, அதனால பேப்பர் விஷயத்தை தைரியமா சொல்லுவேன், சுவர் விரிசல் காங்கிரீட்டெல்லாம் ஒரு இஞ்சினியரை கூட்டிட்டு போய் காமிங்க, வரி கணக்குக்கு ஆடிட்டரை கேளுங்க. உங்க டாக்குமெண்டை நான் பாக்கல, அதனால அந்த வீடு நல்லதா கெட்டதான்னு இங்கருந்து சொல்ல முடியாது.

நீங்க கேட்டது வீடு வாங்கற முறையை பத்தி மாதிரி இருந்தாலும் உள்ள இருக்கறது ஒரே கேள்விதான், காசு முதல்லயா பேப்பர் முதல்லயா. பேப்பர்தான் முதல்ல, இதுல எனக்கு சந்தேகமே இல்லை. புரோக்கர்கிட்ட சண்டை போட வேண்டாம், "மூலப்பத்திரத்துல, அதான் முன்னாடி ஓனர்களோட பழைய பத்திரத்துல இருந்து எல்லாத்துக்கும் ஜெராக்ஸ் குடுங்க, வக்கீல் ஓகே சொன்ன மறுநாளே அக்ரிமெண்ட் போட்டுக்கலாம்"னு மட்டும் சொல்லுங்க. உண்மையா விக்கறவர் ஜெராக்ஸ் குடுக்க தயங்கமாட்டார், ஏன்னா வேற யார் வந்தாலும் அதையேதான் கேப்பாங்க. வீடு ரொம்ப புடிச்சுப்போச்சு, விட மனசில்லைன்னா ஒரு சின்ன தொகையை, போனாலும் தூக்கம் கெடாத அளவுக்கு, ஓனர் அக்கவுண்ட்டுக்கே அனுப்பி "லீகல் சரியில்லைன்னா முழுசா திருப்பித் தரேன்"னு அவர் கையெழுத்துலயே ஒரு லெட்டர் வாங்கிக்குங்க. புரோக்கர் கையில பணமா மட்டும் குடுத்துடாதீங்க.

இப்ப பேப்பர். எல்லாரும் முதல்ல ஓடறது வில்லங்க சான்றுக்கு, அதான் ஈசி. பதிவுத்துறை வெப்சைட்லயே போட்டு பாக்கலாம், நல்ல விஷயம்தான், ஆனா ஈசி என்ன சொல்லும் என்ன சொல்லாதுன்னு தெரிஞ்சுக்கிட்டு பாருங்க. பதிவு ஆன பத்திரம் மட்டும்தான் அதுல வரும். பதிவு செய்யாத உயில், வாய்மொழியா பிரிச்சுக்கிட்ட பாகம், கோர்ட்ல ஓடற கேஸ், பத்திரத்தை ஃபைனான்ஸ்காரர்கிட்ட சும்மா அடகு வச்சு வாங்கின கடன், குத்தகைக்கு இருக்கறவர், இதுல எதுவும் பெரும்பாலும் தெரியாது. அப்புறம் நீங்க எந்த நம்பர் குடுக்கறீங்களோ அந்த நம்பருக்குத்தான் பதில் வரும். சேலம் மாநகராட்சிக்குள்ள பழைய பத்திரத்துல பழைய சர்வே நம்பர் இருக்கும், டவுன் சர்வேக்கு அப்புறம் வார்டு, பிளாக், டி.எஸ். நம்பர்னு மாறியிருக்கும், புதுசை மட்டும் போட்டு தேடினா "வில்லங்கம் இல்லை"ன்னு சுத்தமா வந்துடும், பழைய நம்பர்ல போட்டா ரெண்டு என்ட்ரி உக்காந்திருக்கும். ரெண்டு நம்பர்லயும் போடுங்க, குறைஞ்சது 30 வருஷத்துக்கு போடுங்க, அந்த ஏரியா முன்னாடி வேற சார்பதிவாளர் ஆபீஸ்ல இருந்துச்சான்னு கேட்டு அங்கயும் போடுங்க. கம்ப்யூட்டர்ல ஏறாத பழைய வருஷத்துக்கு மேனுவல் ஈசி அப்ளை பண்ணணும், சோம்பேறித்தனம் பாக்காதீங்க.

பத்திரம் பதிவு ஆயிருக்கு, அப்ப எல்லாம் சரிதானேன்னு நினைக்கறவங்க நிறைய. சார்பதிவாளர் பதிவு பண்ணிட்டார்ங்கறதாலயே விக்கறவர் ஓனர்னு ஆயிடாது. 2025 ஏப்ரல்ல தமிழ்நாட்டு வழக்கு ஒண்ணுலயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, விக்கறவருக்கு உரிமை இருக்கா இல்லையான்னு விசாரிக்கறது பதிவு அதிகாரி வேலை இல்லைன்னு. பட்டாவும் அப்படித்தான், அது வருவாய்த்துறை கணக்கு, அது மட்டுமே உரிமையை குடுத்துடாது. ஆக அந்த வேலை உங்க தலையிலயும் உங்க வக்கீல் தலையிலயும்தான் விழுது.

அதனால நான் ஒரு பத்திரக் கட்டை கையில எடுத்தா சீலையும் முத்திரையையும் அப்புறம்தான் பாப்பேன், முதல்ல பாக்கறது யார் கையெழுத்து இல்லைங்கறதை. உங்க விஷயத்துல இதுதான் உயிர்நாடி, ஏன்னா இது அப்பா காலமான வீடு. ஒரு ஃபைல் சொல்றேன். அம்மாபேட்டையில தறி ஓடின வீடு, முன்னாடி தறிக்கூடம் பின்னாடி ரெண்டு ரூம். அப்பா 1994ல கிரையம் வாங்கினது, அவர் போனதுக்கப்புறம் வாரிசு சான்றுல அஞ்சு பேர், அம்மா, ரெண்டு பையன், ரெண்டு பொண்ணு. கடைசிப் பையன் பேருக்கு மத்தவங்க தங்க பங்கை விட்டுக்குடுத்து எழுதின விடுதலைப் பத்திரம் பதிவாகி ஈசியில அழகா ஏறியிருக்கு, பட்டாவும் அவர் பேர்ல, வீட்டு வரியும் அவர் பேர்ல, கரண்ட் பில்லும் அவர் பேர்ல. எல்லாம் பொருந்துது. விடுதலைப் பத்திரத்தோட கடைசி பக்கத்தை திருப்பி எண்ணினா மூணு கையெழுத்துதான் இருக்கு, நாலு இருக்கணும். திருச்செங்கோட்டுல கட்டிக்குடுத்த பெரிய பொண்ணு போடல. கேட்டா, "அவளுக்கு கல்யாணத்துலயே நகை போட்டு செஞ்சாச்சுங்க, அவ கேக்கமாட்டா"ங்கறாங்க. அவங்க கேக்காமயே இருக்கலாம், ஆனா அஞ்சுல ஒரு பங்கு அவங்களுதுதான், அவங்க இல்லாட்டி அவங்க பிள்ளைங்க கேப்பாங்க. நகை போட்டதால சொத்துரிமை போயிடாது. அப்பா சம்பாதிச்ச சொத்துல உயில் எழுதாம போயிட்டா பொண்ணுக்கும் சம பங்குங்கறது 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்துலயே இருக்கு. பூர்வீக சொத்துலயும் தமிழ்நாட்டுல 1989லயே கல்யாணம் ஆகாத பொண்ணுங்களுக்கு பங்கு குடுத்தாச்சு, 2005ல மத்திய சட்டம் கல்யாணம் ஆனவங்களையும் சேத்துடுச்சு, 2020ல சுப்ரீம் கோர்ட் இன்னும் தெளிவா சொல்லிடுச்சு.

இதுல நிறைய பேர் விட்டுடற ஒரு ஆள் இருக்காங்க, இறந்தவரோட அம்மா. மகன் இறந்தப்ப பாட்டி உயிரோட இருந்திருந்தா மனைவி பிள்ளைங்களோட அவங்களுக்கும் ஒரு சம பங்கு உண்டு. அப்புறம் பாட்டியும் போயிட்டா அந்த பங்கு அவங்களோட மத்த பிள்ளைங்களுக்கும் பிரியும், அதாவது சித்தப்பா அத்தையெல்லாம் உள்ள வந்துடுவாங்க. அதனால விக்கறவர்கிட்ட சும்மா பேச்சு குடுக்கற மாதிரி கேளுங்க, அப்பா எப்ப தவறினாங்க, அப்ப பாட்டி இருந்தாங்களா, கூடப்பொறந்தவங்க எத்தனை பேர், அதுல யாராவது தவறிட்டாங்களா, அவங்களுக்கு பிள்ளைங்க இருக்காங்களான்னு. தெருவுல நாலு வீட்டுலயும் இதையே கேளுங்க, சான்றிதழ்ல இல்லாத பேர் அங்க கிடைக்கும். வாரிசுல யாராவது 18 வயசுக்கு கீழ இருந்தா அவங்க பங்கை விக்க அம்மா கையெழுத்து மட்டும் பத்தாது, கோர்ட் அனுமதி வேணும், இல்லைன்னா அந்த பையன் மேஜர் ஆனதும் கிரையத்தை எதுத்து கேஸ் போடலாம். உயில் வழியா வந்த சொத்துன்னா மத்த வாரிசுங்களையும் சம்மதிச்சு கையெழுத்து போட வைக்கறது நல்லது. ஓனருக்கு பதிலா வேற ஒருத்தர் பவர் பத்திரம் வச்சு விக்கறாங்கன்னா பவர் எழுதிக்குடுத்தவர் உயிரோட இருக்காரான்னு அவரையே நேர்ல பாத்து பேசுங்க, அவர் போயிட்டா பவர் பொதுவா அன்னிக்கே செத்துப்போச்சு.

இப்ப புரோக்கர் சொன்ன "பேங்க் லோன் இருந்த வீடு" வசனத்துக்கு வருவோம். லோன் குடுத்தது யாருக்கு? பெரும்பாலும் அப்பாவுக்குத்தான். அப்ப ஓனர் ஒருத்தர், பேங்க் வக்கீல் அது வரைக்கும் பாத்திருப்பார். அதுக்கப்புறம்தானே அவர் காலமாகி வாரிசுங்க வந்தாங்க, அந்த பழைய கிளியரன்ஸ் இதுக்கு ஒரு பதிலும் சொல்லாது. லோன் இருந்தது உண்மைன்னா நீங்க கேக்க வேண்டியது வேற, லோன் முடிஞ்சதுக்கு பேங்க் லெட்டர் இருக்கா, ஈசியில ஏறின அடமானம் தீந்துடுச்சுன்னு காட்டற ரசீது பத்திரம் பதிவாகியிருக்கா, ஒரிஜினல் எல்லாம் திரும்பி வந்துடுச்சா. கடன் முடிஞ்ச 30 நாளுக்குள்ள பேங்க் ஒரிஜினலை திருப்பிக் குடுக்கணும், அவங்க தப்பால லேட்டானா நாளைக்கு 5,000 ரூபாய் குடுக்கணும்னு ரிசர்வ் பேங்க் 2023 டிசம்பர்ல இருந்து கட்டாயமாக்கியிருக்கு, அதனால "இன்னும் பேங்க்ல மாட்டிட்டு இருக்கு"ங்கற கதையை அப்படியே நம்பாதீங்க. "ஒரிஜினல் தொலைஞ்சு போச்சு, நகல் இருக்கு"ன்னா இன்னும் உஷாராகுங்க. நகலை ஆபீஸ்ல யாரு வேணா வாங்கலாம், ஒரிஜினல் எந்த ஃபைனான்ஸ் பீரோவுல இருக்கோ யாருக்கு தெரியும்.

அளவு விஷயம். பத்திரத்துல சதுரடி, பழைய மூலப்பத்திரத்துல சென்ட், கிராமப் பட்டாவுல ஹெக்டேர் ஏர்ஸ்னு மூணு பாஷையில இருக்கும். ஒரு சென்ட் 435.6 சதுரடி, ஒரு ஏர்ஸ் கிட்டத்தட்ட 1,076 சதுரடி, நீங்களே கால்குலேட்டர்ல போட்டு பொருந்துதான்னு பாத்துக்குங்க. அப்புறம் டேப்பை எடுத்துட்டு போய் நாலு பக்கமும் இழுங்க. பத்திரத்துல 30க்கு 40ன்னு இருக்கும், ஸ்பாட்ல 30க்கு 38 தான் நிக்கும், மீதி ரெண்டடி பக்கத்து வீட்டு பாத்ரூமுக்குள்ள போயிருக்கும். குகை, செவ்வாய்ப்பேட்டை, பொன்னம்மாபேட்டை மாதிரி பழைய ஏரியாவுல பொதுச்சுவர், பொதுச்சந்து, பின்வீட்டுக்காரருக்கு நடைபாதை உரிமைன்னு பத்திரத்துக்குள்ளயே ரெண்டு வரி ஒளிஞ்சிருக்கும், நாலு எல்லை எழுதின இடத்தை நிதானமா படிங்க. நில அளவை வரைபடத்துல ஓடை, வண்டிப்பாதை எதுவும் மனைக்குள்ள ஓடுதான்னு பாருங்க. கோயில் நிலமா இல்லையான்னு அறநிலையத்துறை ஆபீஸ்லயும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க. மாடி ரூம் பிளான்ல இருக்கா பின்னாடி சேத்ததான்னு அப்ரூவ்டு பிளானை வச்சு பாருங்க, சேத்த பகுதிக்கு பேங்க் இஞ்சினியர் மதிப்பு போடமாட்டார்.

பணக்கணக்கு. 45 லட்சம் வீட்டுக்கு ரிசர்வ் பேங்க் விதிப்படி 30 லட்சத்துக்கு மேல 75 லட்சம் வரைக்கும் லோன்னா மதிப்புல 80 சதவீதம்தான் உச்சம், அதாவது 36 லட்சம். உங்க கையிலருந்து 9 லட்சம். அதுக்கு மேல முத்திரை 7 சதவீதம், பதிவு 2 சதவீதம், ஆக 4 லட்சத்து 5 ஆயிரம், இதுக்கு பேங்க் லோன் தராது. ஆச்சா 13 லட்சம், இன்னும் புரோக்கர் கமிஷன், வக்கீல், லோன் ப்ராசஸிங், அடமான பதிவு, குடிபோறதுக்கு முன்னாடி வயரிங் பெயிண்டிங்னு பழைய வீடு கேக்கறதெல்லாம் தனி. பேங்க் இஞ்சினியர் வந்து "இது 40தான் போகும்"னு எழுதிட்டா லோன் 32 லட்சமா இறங்கி உங்க பங்கு 13 ஆயிடும், பதிவுச் செலவு சேத்தா 17 லட்சத்தை தாண்டும். டோக்கனுக்கு முன்னாடி பேங்குக்கு போய் உங்க சம்பளத்துக்கு எவ்வளவு தருவாங்கன்னு எழுத்துல வாங்கிக்குங்கன்னு நான் சொல்றது இதுக்குத்தான். வீட்டம்மா பேர்ல வாங்கினா 1 சதவீதம் குறையும்னு யாராவது சொல்லியிருப்பாங்க, அது 2025 ஏப்ரல்ல வந்த சலுகை, 10 லட்சம் மதிப்பு வரைக்கும்தான், உங்களுக்கு ஒத்துவராது. ஆனாலும் ரெண்டு பேர் பேர்லயும் சேத்து வாங்குங்கங்கறது என் யோசனை.

"பத்திரத்துல 30 போட்டுக்கலாம், மீதி 15 கேஷா குடுத்துடுங்க"ன்னு ஒரு பேச்சு கண்டிப்பா வரும். முத்திரை பதிவு ரெண்டுலயும் சேத்து ஒண்ணேகால் ஒண்ணரை லட்சம் மிச்சம்னு ஆசை காட்டுவாங்க. 30ன்னு போட்டா பேங்க் அதிகபட்சம் 27 லட்சம்தான் தரும், மீதி 18 லட்சத்தை நீங்கதான் புரட்டணும், நாளைக்கு நீங்க விக்கும்போது 30க்கு வாங்கினதாத்தான் லாபக்கணக்கு போடுவாங்க, டீல் உடைஞ்சா அந்த 15க்கு சாட்சியே கிடையாது. வீடு வாங்க விக்க 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ கேஷா வாங்கினா வாங்கின ஆளுக்கு அதே அளவு அபராதம்னு 2015ல இருந்து சட்டம் இருக்கு, இதை விக்கறவர்கிட்ட சொல்லுங்க, பாதி பேர் அடங்கிடுவாங்க. வீட்டை மறைச்சு காலிமனைன்னு எழுதற யோசனையும் வேண்டாம், ஸ்பாட் பாத்துட்டு குறைவு முத்திரைக்கு நோட்டீஸ் வாங்கற ஆளு நீங்கதான்.

லீகல் சரின்னு வந்தப்புறம் அக்ரிமெண்ட். 2012 டிசம்பர்ல இருந்து தமிழ்நாட்டுல கிரைய ஒப்பந்தத்தை பதிவு பண்ணியாகணும், வெறும் முத்திரைத்தாள்ல எழுதி நோட்டரி போட்டு வச்சுக்கறது இன்னும் சேலத்துல சகஜமா நடக்குது, அதை நம்பி லட்சக்கணக்குல குடுக்காதீங்க. பதிவு பண்ணினா ஈசியில ஏறும், இன்னொருத்தருக்கு சத்தமில்லாம விக்க முடியாது. எல்லா வாரிசும் அதுலயே கையெழுத்து போடணும், கிரையத்தன்னிக்கு போட்டுக்கலாம்னு விடாதீங்க, அக்காவோட மனசு மூணு மாசத்துல மாறும். லோன் வரலைன்னா அட்வான்ஸ் வட்டியில்லாம திரும்பணும்னு ஒரு வரி, வீட்டை காலியா ஒப்படைக்கணும்னு ஒரு வரி, கட்டாயம் வேணும். மாடியில யாராவது போக்கியத்துக்கு, அதாவது வாடகைக்கு பதிலா மொத்தமா பணம் குடுத்துட்டு, இருக்காங்களான்னு நேர்ல பேசிப் பாருங்க, அஞ்சு லட்சம் குடுத்து உக்காந்திருக்கறவர் பணம் வராம எந்திரிக்கமாட்டார், அந்த பணம் யார் குடுக்கறதுன்னு அக்ரிமெண்ட்லயே முடிச்சுக்குங்க.

மழை பெஞ்ச மறுநாள் காலைல ஒரு தடவை தெருவுக்கு போங்க, திருமணிமுத்தாறு ஓரம், பள்ளமான நகர்கள்ல தண்ணி எது வரைக்கும் நின்னுச்சுன்னு சுவர்லயே கறை தெரியும். மேட்டூர் தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வருது, போர் எவ்வளவு ஆழம்னு பக்கத்து வீட்டு அம்மாகிட்ட கேளுங்க, ஓனர்கிட்ட கேக்காதீங்க.

ஏற்காடு மனை. முதல் வீடு வாங்கற உங்களுக்கு என் கருத்து, வேண்டாம். இது சட்டம் இல்லை, என் அபிப்பிராயம். சட்டம் என்னன்னா அங்க மலைப்பகுதி பாதுகாப்பு ஆணையத்தோட விதிகள் இருக்கு, அந்த ஆணையத்தை ஹாக்காம்பாங்க, லேஅவுட்டுக்கும் கட்டடத்துக்கும் அனுமதி கீழ இருக்கற மாதிரி சுலபமா கிடைக்காது. எஸ்டேட்டை துண்டு போட்டு "காபி தோட்டத்துல 5 சென்ட்"னு விக்கறது நடக்குது, அனுமதி இல்லாத மனையை 2016 அக்டோபர் 20க்கு முன்னாடியே மனையா பதிவாகாம இருந்தா பதிவே பண்ண முடியாது, விவசாய நிலம்னு எழுதி பதிவு பண்ணிக் குடுத்தா வீடு கட்ட அனுமதி கிடைக்காம அலைவீங்க. மலைவாழ் மக்களுக்கும் நிலமில்லாதவங்களுக்கும் இஷ்டத்துக்கு விக்கக்கூடாதுன்னு கண்டிஷன் போட்டு அரசு குடுத்த பட்டா நிலமும் அங்க உண்டு, அதை வாங்கினா அரசு திரும்ப எடுத்துக்கலாம். சீப்பா வருதுன்னா இதுல ஏதோ ஒரு காரணம் இருக்க வாய்ப்பு அதிகம், அந்த குறிப்பிட்ட மனைக்கு எதுன்னு பேப்பர் பாத்தாத்தான் சொல்ல முடியும்.

கிரையத்தன்னிக்கு பெருசா ஒண்ணும் இல்லை, சார்பதிவாளர் ஆபீஸ்ல குடுத்த டோக்கன் நேரத்துக்கு போனா போட்டோ, கைரேகை, ரெண்டு சாட்சி, முடிஞ்சுது. பேங்க் டிடியை எல்லா கையெழுத்தும் விழுந்தப்புறம் குடுங்க. அதுக்கப்புறம் நிறைய பேர் அசந்துடறாங்க. பட்டா மாறுதல், வீட்டு வரி, தண்ணி, பாதாள சாக்கடை, கரண்ட் எல்லாத்துலயும் பேர் மாத்தணும், சர்வே நம்பரை புதுசா பிரிக்க வேண்டியிருக்கற உட்பிரிவு இல்லாத முழு மனைன்னா பட்டா தானாவே மாற வாய்ப்பிருக்கு, உட்பிரிவு இருந்தா சர்வேயர் வரணும், விட்டா வருஷமாயிடும். ஒரிஜினல் எல்லாம் நேரா பேங்குக்கு போயிடும், அதுக்கு முன்னாடி ஒவ்வொரு பக்கமும் ஸ்கேன் பண்ணிக்குங்க, எந்தெந்த பத்திரம் எந்த நம்பர்ல ஒப்படைச்சீங்கன்னு பேங்க் சீல் கையெழுத்தோட லிஸ்ட் வாங்கி அதை வீட்டுலயும் வேற ஒரு இடத்துலயும் வைங்க.